திரையின் அளவும் மீளும் வழியும்

வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதைக் கையில் எடுக்க விரும்புவோர் ஐவர். நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நிலைமை இதுதான். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதுவரை கதை பேசவும் படம் பார்க்கவும் பயன்பட்ட அச்சிறு கருவி வகுப்பறையாகவும் கரும்பலகையாகவும் மாறிற்று. பின்னர் 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. புதிய கைத்தொலைபேசி என்பது எளிய குடும்பங்களுக்கு எட்டாக்கனி ஆயிற்று. பழையதையே பேணிப் பயன்படுத்தும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது.

அத்தகைய பழைய கருவி ஒன்றைப் பற்றியே இவ்வாரம் பேசப் புகுகின்றோம். மன்னார் மாவட்டத்துப் பாப்பாமோட்டையைச் சேர்ந்த உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் நம்மிடம் கேட்ட வினா இது:

“சேர், எங்கள் வீட்டுப் போனில் இணையப் பாடத்தைத் திறந்தால் அட்டவணையின் வலப்பக்கம் தெரிவதில்லை. எல்லாவற்றையும் சிறிதாக்கினால் எனக்கு நல்லது. ஆனால், மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செய்தியை அம்மம்மா வாசிக்க முடியாது. கணினியில் ஒரு வரி எழுதித் திரையின் அளவை மாற்றலாம் என்று சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? போனுக்கு ஏதும் ஆகிவிடுமா?”

நல்ல வினா. செய்யலாமா என்று மட்டும் கேளாமல், செய்தால் என்ன நேரும் என்றும் கேட்டானே, அதற்காகவே அவனைப் பாராட்ட வேண்டும். இவ்வினா அவனுக்கு மட்டும் உரியதன்று. முதியோரும் மாணாக்கரும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் யாவற்றுக்கும் உரியது. ஆதலின் அதற்குச் சற்று விரிவாகவே விடை கூறுவோம்.

குளமும் துருசும்

கைத்தொலைபேசியின் திரை எண்ணற்ற ஒளிப்புள்ளிகளால் ஆனது. இப்புள்ளியைப் பிக்சல் என்பர். முற்றத்தில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் போல, நிரல் நிரையாக அமைந்த இப்புள்ளிகளை ஒளிரச் செய்தே எழுத்தும் படமும் தோற்றுவிக்கப்படுகின்றன. ஒரு திரையில் அகலத்துக்கு 720 புள்ளிகளும் உயரத்துக்கு 1280 புள்ளிகளும் உள்ளன என்று கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 9,21,600 புள்ளிகள். இத்தொகையைத் தொழிற்சாலை தீர்மானித்துவிட்டது. எந்தக் கட்டளையாலும் அதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

அவ்வாறாயின் கட்டளை எதைத்தான் மாற்றுகின்றது? மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கமக்காரருக்குக் கட்டுக்கரைக் குளம் தெரியாததன்று. துருசைத் திறப்பதனாலோ அடைப்பதனாலோ குளத்து நீர் பெருகிவிடுவதில்லை. எந்த வயலுக்கு எவ்வளவு பாய்வது என்பதே மாறுகின்றது. திரையும் அத்தகையதே. உள்ள புள்ளிகளை ஓர் எழுத்துக்கு எத்தனை என்று பங்கிடுவதை மட்டுமே நாம் மாற்றலாம். எழுத்துக்கு மிகுதியாகக் கொடுத்தால் எழுத்துப் பெரிதாகும். பக்கத்தில் கொள்ளும் செய்தி குறையும். எழுத்துக்குக் குறைத்தால் பக்கம் விரியும், எழுத்துச் சிறுக்கும். இரண்டையும் ஒருங்கே பெற எந்த வித்தையும் இல்லை.

இந்தப் பங்கீட்டுக்கு அன்ட்ரொயிட் அமைப்பில் ஒரு கணக்கு உண்டு. முதல் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி 2008இல் வெளிவந்தது. அதன் திரை 320 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உடையது. அதற்கு அமைப்பு கொண்ட அடர்த்தி எண் 160. அந்த 160 என்ற எண்ணே இன்றுவரை அடிப்படையாக நிற்கின்றது. திரையின் அகலப் புள்ளிகளை 160ஆல் பெருக்கி, அடர்த்தி எண்ணால் வகுத்தால், செயலிகள் காணும் அகலம் கிடைக்கும். நமது 720 புள்ளித் திரைக்கு அடர்த்தி எண் 320 என்றால், அவ்வகலம் 360. அடர்த்தியை 240 எனக் குறைத்தால் 480 ஆகும். முன்பு வெட்டுண்ட அட்டவணை இப்போது திரைக்குள் அடங்கும், ஆனால் எழுத்து முக்காற்பங்காகச் சுருங்கும். அடர்த்தியை 400 ஆக்கினால் அகலம் 288. எழுத்து கால்பங்கு பெருக்கும். மாணாக்கர் இதனைக் கொப்பியில் ஒருமுறை தாமே கணித்துப் பார்ப்பது நன்று.

கட்டளை எழுதும் முறை

இம்மாற்றத்தைச் செய்யும் கருவிக்கு ஏ.டி.பி. என்று பெயர். கூகுள் நிறுவனம் செயலி எழுதுவோருக்காக வழங்கும் இலவசக் கருவித்தொகுதி ஒன்றில் அஃது அடங்கியுள்ளது. விண்டோஸ், லினக்ஸ், மக் கணினிகள் மூன்றிலும் இயங்கும். செயலி எழுதும் ஒருவர், தம் ஆக்கம் சிறிய திரையில் எப்படித் தோன்றும், பெரிய திரையில் எப்படித் தோன்றும் என்பதைப் பல கைத்தொலைபேசிகள் வாங்காமல் ஒன்றிலேயே சோதித்துப் பார்ப்பதற்கு இக்கட்டளைகள் உதவுகின்றன.

முதலில் கைத்தொலைபேசியின் அமைப்புகளில் ‘தொலைபேசியைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்து, ‘பில்ட் நம்பர்’ என்னும் வரியை ஏழு முறை தட்ட வேண்டும். உடனே செயலி ஆக்குநருக்குரிய மறைபகுதி திறக்கும். அதில் யூ.எஸ்.பி. டிபக்கிங் என்பதை இயக்கி, கேபிளினால் கணினியுடன் இணைத்தால், ‘இக்கணினியை நம்புகின்றீரா?’ என்ற பொருளில் ஒரு வினா கைத்தொலைபேசித் திரையில் தோன்றும். அதற்கு உடன்பட்டால்தான் கணினி பேச முடியும்.

இனிக் கணினியின் கறுப்புக் கட்டளைச் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுத வேண்டும். ‘ஏ.டி.பி. டிவைசஸ்’ என்ற வரி, இணைப்பு உண்டா என்பதைக் காட்டும். ‘ஏ.டி.பி. ஷெல் டபிள்யு.எம். டென்சிற்றி’ என்று மட்டும் எழுதினால் இப்போதுள்ள அடர்த்தி எண் தெரியவரும். அதே வரியின் ஈற்றில் ஓர் இடைவெளி விட்டு 280 என்று சேர்த்தால் அடர்த்தி அக்கணமே 280 ஆகும். டென்சிற்றி என்பதற்குப் பதிலாக ‘சைஸ்’ என்று எழுதினால் புள்ளித் தொகையைப் பற்றிய கட்டளை ஆகிவிடும். அங்கே அகலத்தையும் உயரத்தையும், நடுவே எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தை இட்டு, இடைவெளியின்றி எழுதுதல் வேண்டும். முன்னது அகலம், பின்னது உயரம் என்பது மறக்கலாகாது. மாற்றி எழுதினால் நிமிர்ந்து நிற்க வேண்டிய படம் திரையின் நடுவே ஒரு பட்டையாக ஒடுங்கிப்போகும்.

கைத்தொலைபேசியிலேயே ஒரு கட்டளைச் செயலியை நிறுவி இவ்வரிகளை எழுதினால் ஆகாதா என்று சிலர் கேட்பர். சாதாரணச் செயலிக்கு இவ்வதிகாரம் இல்லை. ஏ.டி.பி. வழியாக வருபவருக்கே அமைப்பு இந்த உரிமையை வழங்குகின்றது. 2020இல் வந்த 11ஆம் பதிப்பு முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவும் இணையலாம். பழைய கருவிகளுக்குக் கேபிளே கதி.

சைஸ் வேறு, டென்சிற்றி வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். டென்சிற்றியை மாற்றினால் எல்லாப் புள்ளிகளும் வேலை செய்யும். ஆகவே எழுத்துச் சிறிதானாலும் பெரிதானாலும் கூர்மை கெடுவதில்லை. சைஸைக் குறைத்தாலோ, அமைப்பு குறைந்த புள்ளிகளில் படத்தை வரைந்து, பின்னர் அதனை இழுத்து முழுத் திரைக்கும் பரப்புகின்றது. 720க்கு 1280 என்பதை 540க்கு 960 ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 5,18,400 ஆகக் குறையும். அதாவது பாதிக்குச் சற்று மேல். விளையாட்டுகளில் இளைத்துத் திணறும் பழைய கருவிக்கு இது மூச்சு விட இடம் தரும். ஆனால் விளிம்புகள் மங்கும். திரையின் விளக்கொளி முன்போலவே எரிவதனால், பற்றரி நெடுநேரம் நிற்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கலாகாது. எழுத்தின் அளவு பழையபடி இருக்க வேண்டுமாயின், அடர்த்தியையும் அதே விகிதத்தில், 320இலிருந்து 240 ஆகக் குறைத்தல் வேண்டும். அகல உயர விகிதம் மாறினால் ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் தோன்றும்.

தமிழ் வாசிப்போர் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பாப்பாமோட்டை என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். மோட்டை என முடியும் ஊர்ப்பெயர்கள் மன்னாரிலும் வன்னியிலும் பல. அந்த ‘மோ’வின் இரட்டைச் சுழிக் கொம்பு மங்கி ஒற்றைச் சுழியாகத் தோன்றினால், மோட்டை மொட்டை ஆகிவிடும்! பகரத்தின் தலையிலும் டகரத்தின் தலையிலும் உள்ள புள்ளிகள் மறைந்தால் சொல்லே குலையும். ஓலைச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடாது எழுதுதலே பெருவழக்கு. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திய சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வந்தது என்பர். இந்நுண்மையான வேறுபாடுகள் யாவும் திரையில் ஒருசில புள்ளிகளையே நம்பி நிற்கின்றன. சைஸை அளவுமீறிக் குறைப்பவர் ஓலைச் சுவடிக் காலத்துக்கே திரும்புகின்றார் எனலாம். ஆதலின் வாசிப்புக்காகவே மாற்றம் செய்வோர் சைஸைத் தொடாது, டென்சிற்றியை மட்டும் மாற்றுதல் சாலச் சிறந்தது.

அபிமன்னனின் பாடம்

சக்கர வியூகத்தினுள் புக அறிந்து, வெளிவர அறியாது மடிந்த அபிமன்னன் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கின்றோம். இக்கட்டளைகளைக் கையாள்வோருக்கு அக்கதை மிகவும் பொருந்தும்.

பொருந்தாத எண் ஒன்றை எழுதிவிட்டால், எழுத்துகள் பூதாகாரமாகிப் பூட்டைத் திறக்கும் எண்களே திரைக்கு வெளியே போய்விடலாம். அல்லது யாவும் எறும்பளவாகி விரலால் தொட முடியாது போகலாம். அணைத்துத் திரும்ப இயக்கினால் சரியாகிவிடும் என்று நம்புவது வீண். இம்மாற்றங்கள் கருவியின் நினைவில் பதிந்து நிற்பவை. மீள இயக்கினாலும் அழியா. தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் அழியும் என்பது உண்மையே. ஆனால் அத்துடன் படங்கள், தொடர்பு எண்கள், பாடக் குறிப்புகள் யாவும் அழிந்தொழியும். அம்மம்மா நாள்தோறும் எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளையின் படமும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.

மீளும் வழி மிக எளிது. ‘டென்சிற்றி’ என்ற சொல்லுக்குப் பின் எண்ணுக்குப் பதிலாக ‘ரீசெற்’ என்று எழுதினால் அடர்த்தி பழைய நிலைக்கு வரும். ‘சைஸ்’ என்பதற்கும் அவ்வாறே. எனினும் அவ்வரி கைத்தொலைபேசியை அடைவதற்குக் கணினியின்மேல் உள்ள நம்பிக்கை நீடித்திருக்க வேண்டும். முதல் இணைப்பின்போது தோன்றும் வினாவில், ‘இக்கணினிக்கு எப்போதும் அனுமதி’ என்ற கட்டத்தையும் சேர்த்து அடையாளமிடாமல் விட்டு, இடையில் கேபிளைப் பிடுங்கிவிட்டால், மறுமுறை இணைக்கும்போது அவ்வினா திரும்பவும் எழும். அப்போது திரை படிக்க முடியாத நிலையில் இருந்தால் யார் உடன்படுவது?

ஆகவே ஒழுங்கு இதுவாக இருக்கட்டும். முதலில் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். அடுத்து, எப்போதும் அனுமதி என்ற கட்டத்தை அடையாளமிட வேண்டும். பின்னர் எண் எதுவும் இடாமல் சைஸ், டென்சிற்றி இரண்டையும் கேட்டறிந்து, கிடைக்கும் எண்களைத் தாளில் எழுத வேண்டும். அதன் கீழே ரீசெற் வரிகள் இரண்டையும் எழுதி, ஒருமுறை அவற்றை இயக்கியும் பார்க்க வேண்டும். மாற்றம் செய்யாத கருவியில் ரீசெற் எந்தத் தீங்கும் செய்யாது. இவையெல்லாம் முடிந்த பின்னரே புதிய எண்ணை எழுதலாம். அதுவும் 320இலிருந்து 300, பின் 280 எனப் படிப்படியாக இறங்க வேண்டும். ஒரேயடியாக 192க்கு இறங்கினால் நமது திரையின் கணக்கு அகலம் 600 ஆகிவிடும். அந்நிலையில் சில செயலிகள் தாம் இருப்பது பெரிய பலகைக் கணினியில் என்று எண்ணித் தோற்றத்தையே மாற்றிக்கொள்ளும்.

வேலை முடிந்து, ஒருநாள் இருநாள் பயன்படுத்தி மனம் நிறைந்த பின், யூ.எஸ்.பி. டிபக்கிங்கை அணைத்துவிட வேண்டும். பாடசாலைக் கணினியிலோ பிறர் கணினியிலோ செய்திருந்தால், கொடுத்த அனுமதிகளை நீக்கும் கட்டளையும் அதே மறைபகுதியில் உண்டு, அதனையும் அழுத்துக. திறந்த கதவைச் சாத்தாமல் போவது நல்ல குடித்தனம் ஆகாது. டிபக்கிங் இயங்கும் கருவியில் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுப்பதும் உண்டு.

அம்மம்மாவுக்கும் பேரனுக்கும்

இனி முதல் வினாவுக்கு வருவோம். ஒருவருக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும்; மற்றவருக்குப் பக்கம் விரிய வேண்டும். நாள்தோறும் கணினியைத் தேடிச் சென்று கட்டளை எழுதுவது நடக்கின்ற காரியமன்று.

2016இல் வெளிவந்த 7ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தியனவும் இயங்கும் அன்ட்ரொயிட் கருவிகளில், அமைப்புகளிலேயே ‘காட்சி அளவு’ என்ற பகுதி உண்டு. கட்டளையால் டென்சிற்றியை மாற்றுவதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே கிடைக்கும் படிகள் போதுமாயின் கட்டளைக்கு வேலையே இல்லை. ஐபோன் வைத்திருப்போருக்கு இத்தகைய கட்டளை வழி இல்லை; அவர்கள் ‘டிஸ்பிளே சூம்’ என்ற வசதியோடு அமைய வேண்டியதே.

அப்பகுதி இல்லாத பழைய கருவியில் நாம் கூறும் வழி இது. கட்டளையால் டென்சிற்றியை 280 ஆக்குக. கணக்கு அகலம் 360இலிருந்து 411 ஆகும். இணையப் பாடத்தின் அட்டவணை பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்து முன்னிருந்ததில் எட்டில் ஏழு பங்காகும். இளங்கண்களுக்கு அஃது ஒரு குறையன்று. அம்மம்மாவின் முறை வரும்போது, அமைப்புகளில் உள்ள ‘எழுத்தின் அளவு’ என்பதை மிகப் பெரிதாக்குக. அது வழக்கமாக 1.3 மடங்கு, எட்டில் ஏழை அதனால் பெருக்கினால் 1.14 வரும். அதாவது, பழைய நிலையிலும் எழுத்து ஏழில் ஒரு பங்கு பெரிதாகவே தோன்றும். இதற்குக் கணினி வேண்டா, கேபிள் வேண்டா. வட்ஸ்அப்பில் மட்டுமே வாசிப்பவராயின், அச்செயலியின் உள்ளேயே எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உண்டு. அதை ஒருமுறை அமைத்துவிட்டால் பேரனின் பாடப் பக்கத்தை அது தீண்டாது.

இன்னொன்றும் கூற வேண்டும். கடந்தகால வினாத்தாள்கள் பெரும்பாலும் பி.டி.எஃப். வடிவில் வருகின்றன. அவை பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்திக் காட்டப்படுவதால், டென்சிற்றியை மாற்றுவதால் அவற்றின் எழுத்துச் சிறுப்பதுமில்லை, பெருப்பதுமில்லை. அவற்றுக்குக் கருவியைக் கிடையாகத் திருப்பிப் பிடிப்பதே போதுமான மருந்து.

எந்த எண் நமக்கு ஏற்றது என்பதை அளக்கக் கருவி தேடி அலைய வேண்டா. மாற்றம் செய்த திரையில் பாப்பாமோட்டை என்று எழுதி, வீட்டில் மூத்தவரிடம் கொடுத்து, அவர் வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். கொம்பின் சுழியும் இரு புள்ளிகளும் அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டால் அந்த எண் பொருத்தமானது. அவர் கண்ணைச் சுருக்கினால், தாளில் எழுதி வைத்த வரி கையருகில் இருக்கின்றது. ஒரு படி ஏறிக்கொள்ளலாம்.

கருவியைக் கடைக்காரர் கொடுத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அதன் உள்ளமைப்பை அறிந்து நம் வீட்டின் தேவைக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்வது அறிவுடைமையே. மாணாக்கர் அதனை அஞ்சாது கற்க வேண்டும். ஆயினும், ஒரே கருவியைப் பலர் நம்பியிருக்கும் வீட்டில், புகும் வழியைக் கற்பதற்கு முன் மீளும் வழியைக் கற்பது அறிவோடு கடமையுமாகும்.